ஒரு தேதியின் விலை: ‘அசல் இறக்குமதி’ ரைஃபிள்களை முன்வைத்து

இலக்கியம் பேசுகிற இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முதற்பதிப்பு என்ற ஒரே காரணத்துக்காகப் பூச்சியரித்த நூலொன்றுக்கு அதன் செம்மையான மறுபதிப்பைவிடப் பத்து மடங்கு விலை கொடுக்கிறவர்களும், அப்படிக் கொடுப்பது தகுமா என்று அவர்களோடு மல்லுக்கு நிற்கிறவர்களும் நம்மிடையே உண்டு. ‘அசல்’ என்ற சொல்லுக்கு எதன்பொருட்டு, எவ்வளவு கொடுக்கலாம் என்பது ஆக நமக்கும் பழகிய வழக்குதான். அவ்வழக்கு நம்முடையதைவிடக் கூர்மையாக நடந்துகொண்டிருக்கும் ஓரிடம் அமெரிக்காவின் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சந்தை. வெளிநாட்டில் செய்யப்பட்டு இறக்குமதியான ‘அசல்’ ரைஃபிள் அங்கே அதே வடிவில் உள்நாட்டில் செய்யப்பட்டதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. அந்த மிகைவிலை தகாது என்பது நம் தரப்பு. அது எங்கிருந்து பிறந்தது என்பதை மறைத்து, வேலைப்பாட்டின் பெயரால் விற்பது நேர்மையும் அன்று.

பொதுவாகப் பேசினால் வழுக்கிக்கொண்டு போகும் விஷயம் இது. எனவே ஒரே ஒரு ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் செய்த ஹெச்கே 91. மேற்கு ஜெர்மன் ராணுவம் 1959இல் ஏற்றுக்கொண்ட ஜி3 ரைஃபிளின் குடிமக்களுக்கான வடிவம் இது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். 1970களிலும் 80களிலும் அமெரிக்கக் கடைகளில் சில நூறு டாலர்களுக்குக் கிடைத்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு 3,000 டாலருக்குமேல் கேட்கிறார்கள். அமெரிக்காவிலேயே செய்யப்படும் பிடிஆர் 91 ஏறத்தாழ அதில் மூன்றிலொரு பங்குக்குக் கிடைக்கிறது. இரண்டும் சுடுவது ஒரே வகைத் தோட்டாவை. இரண்டிலும் பொருந்துவது ஒரே மேகசின். உள்ளே இருக்கும் பொறியமைப்பும் ஒன்றே. எஞ்சிய 2,000 டாலர் எதற்காக என்பதே கேள்வி.

ஜெர்மானியக் கைவேலைக்காக என்பது வழக்கமாக வரும் முதல் பதில். இதைச் சொல்கிறவர்கள் அந்த ரைஃபிளின் பிறப்பை ஒருமுறையேனும் படித்திருக்கலாம். உலகப்போரின் இறுதி மாதங்களில், எஃகும் இல்லை, ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்ற நிலையில், அதே ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் தொழிற்சாலையின் பொறியாளர்கள் எப்படியாவது மலிவாக ஒரு ரைஃபிளைச் செய்துவிட வேண்டும் என்று முயன்றதில் உருவானது இதன் மூலவடிவம். வழக்கமான ரைஃபிளில், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் வெடிப்பின்போது இறுகப் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டுகளைக் கெட்டி எஃகில் துல்லியமாகக் கடைந்தெடுக்க வேண்டும். இதிலோ போல்ட் பூட்டப்படுவதே இல்லை. அதன் தலையில் உள்ள இரண்டு சிறு உருளைகள், அது பின்வாங்குவதைக் கண்ணிமைப்பொழுது தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். ரைஃபிளின் உடல்கூடு எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, மடித்து, பற்றவைத்து ஆக்கப்பட்டது. கடைசல்காரனின் கைத்திறன் இல்லாமலேயே ஆயிரக்கணக்கில் செய்துதள்ள முடிவதே இவ்வடிவத்தின் பெருமை. மிக அழகான பொறியியல் சிந்தனை என்பதில் நமக்கு ஐயமில்லை; ஆனால் அந்தச் சிந்தனையின் அழகே அதன் மலிவில்தான் இருக்கிறது. சிக்கனத்துக்காகவே பிறந்த பொருளைக் கைவினைச் செல்வம் என்று சொல்லி விற்பது, அலுமினியப் பாத்திரத்தைத் தஞ்சாவூர்த் தட்டு என்று சொல்லி விற்பதைப் போன்றது.

‘அசல்’ என்ற சொல்லும் இங்கே நிலைகொள்வதில்லை. போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படையினர் மவுசர் தொழிற்சாலையைக் கலைத்தார்கள். அங்கு வேலை பார்த்த லுட்விக் ஃபோர்கிரிம்லர் முதலில் பிரான்சுக்கும், பிறகு 1950இல் ஸ்பெயினுக்கும் போனார். ஸ்பெயினின் செட்மே நிறுவனத்தில் அந்த உருளை முறை முழு ரைஃபிளாக வளர்ந்தது. ஓபர்ன்டார்ஃபில் பழைய மவுசர் பொறியாளர்கள் மூவர் 1949இல் தொடங்கிய ஹெக்லர் அண்ட் கோக்கின் கைக்கு அது அதன் பிறகே திரும்பி வந்தது. ஜெர்மனியின் ஜி3 ஒருவகையில் ஸ்பானிய ரைஃபிள் ஒன்றின் மறுபதிப்பு. அதையே போர்ச்சுகல் உரிமம் பெற்று லிஸ்பனில் செய்தது. அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கினியிலும் 1961 முதல் 1974 வரை நடந்த காலனியப் போர்களில் போர்ச்சுகீசிய வீரர்களின் கையிலிருந்தது அதுதான். அந்த லிஸ்பன் தொழிற்சாலையின் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிக்கொண்டு போய், 2000களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் செய்யத் தொடங்கியதே ‘நகல்’ என்று இகழப்படும் பிடிஆர் 91. மவுசரிலிருந்து மாட்ரிட், மாட்ரிட்டிலிருந்து ஓபர்ன்டார்ஃப், அங்கிருந்து லிஸ்பன், லிஸ்பனிலிருந்து கனெக்டிகட் என்று நீளும் இந்த வரிசையில் எந்த ஊரோடு அசல் முடிந்து நகல் தொடங்குகிறது என்று சேகரிப்பாளர்கள் சொல்லட்டும்.

அமெரிக்க நகல் குறையற்றது என்று நாம் வாதிடவில்லை. இவ்வகை ரைஃபிளில் தோட்டா அறையின் சுவரில் நீளவாக்கில் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். வெடித்த வாயு அவற்றின் வழியே புகுந்து தோட்டாவின் உறையைச் சுவரிலிருந்து விலக்கும். இல்லையேல் உறை ஒட்டிக்கொண்டு கிழியும். தொடக்ககால பிடிஆர்களில் இப்பள்ளங்கள் போதிய ஆழமின்றி இருந்தன. கழுத்தில் தார் பூசிய பழைய ராணுவத் தோட்டாக்களைப் போட்டால் மக்கர் செய்தன. பின்னர் இது சரிசெய்யப்பட்டது. இத்தகைய வேறுபாட்டுக்காக 200 டாலரோ 300 டாலரோ கூடுதலாகக் கொடுப்பவரோடு நமக்குச் சண்டை இல்லை. அவர் வாங்குவது ஒரு பண்பை. மற்ற 2,000 டாலரால் வாங்கப்படுவது பண்பு அன்று, ஒரு தேதி.

1989 ஜனவரி 17. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் கிளீவ்லண்ட் தொடக்கப்பள்ளி மைதானத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்து சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்கள் ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ளவர்கள். நால்வர் கம்போடியாவிலிருந்தும் ஒருவர் வியட்நாமிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். துப்பாக்கிகளிடமிருந்து தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்பதை இங்கே சற்று நின்று நினைக்கவேண்டும். கொலையாளி பயன்படுத்தியது சீனாவில் செய்யப்பட்டு இறக்குமதியான, ஏகே வகை ரைஃபிள். இரண்டு மாதத்தில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் அரசு இவ்வகை ரைஃபிள்களின் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உகந்த துப்பாக்கிகளையே இறக்குமதி செய்யலாம் என்றொரு விதி உறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டியெழுப்பி, ஜூலையில் 43 வகைகளுக்கு நிரந்தரமாகக் கதவை அடைத்தார்கள். ஹெச்கே 91 அதில் ஒன்று.

இறக்குமதி மட்டுமே நின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். முன்பே நாட்டுக்குள் வந்தவற்றை வைத்திருக்கலாம், விற்கலாம். அதே வகையை உள்நாட்டில் செய்யவும் தடையில்லை. அடுத்த ஆண்டே, இறக்குமதி செய்யக்கூடாத ரைஃபிளை வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு உள்நாட்டில் பூட்டுவதற்கும் சட்டம் வந்தது. பட்டியலிட்ட 20 பாகங்களில் 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக்கூடாது. 11ஆவது பாகம் வெளிநாடாக இருந்தால் குற்றம். அதையே அமெரிக்கக் கடைசல் பட்டறையில் செய்து மாட்டினால் குற்றமில்லை. இந்தக் கணக்கு யாருடைய உயிரைக் காக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரே வடிவத்தை ‘அசல்’, ‘நகல்’ என்று இரு சாதிகளாகப் பிரித்தது இந்தச் சட்ட ஏற்பாடு, உலோகத்தில் எந்த வேறுபாடும் இல்லை என்பது நன்றாகவே விளங்குகிறது. கதவு அடைபட்டதும் உள்ளே இருந்தவற்றின் எண்ணிக்கை நிலைத்தது, கேட்பவர் எண்ணிக்கை வளர்ந்தது, விலை ஏறியது.

ஹெக்லர் அண்ட் கோக் தன் ரைஃபிள்களில் செய்த ஆண்டை இரண்டு எழுத்துகளால் குறிக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்து சுழியம், இரண்டாம் எழுத்து ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகவேண்டும். ‘ஜே’யை மட்டும் விட்டுவிட வேண்டும். ‘ஐ’ எட்டு, ‘கே’ ஒன்பது. வாங்க வருகிறவர்கள் குழலின் உட்புறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்துகளைப் பார்க்கிறார்கள். ‘தடைக்கு முந்தியது’ என்பது விற்பனை விளம்பரங்களில் ‘சுத்தமான பசுநெய்’ என்பதைப் போன்ற ஒரு தரச்சொல்லாகிவிட்டது. எந்தத் தடை, எதனால் வந்த தடை என்று யாரும் எழுதுவதில்லை.

விலை ஏறுவதற்குக் காரணம் தேதியே என்பதற்கு இதைவிட நேரான சான்றுகள் உண்டு. 1986 மே 19க்குப் பிறகு பதிவான தானியங்கித் துப்பாக்கிகளை அமெரிக்கத் தனியார் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவற்றை மட்டுமே கைமாற்றலாம். அந்தத் தேதிக்கு முன், இதே ஹெச்கே ரைஃபிள்களைத் தானியங்கியாக்கும் சிறு பிடிப்பான் ஒன்றைச் சிலர் தனியாகச் செய்து பதிவு செய்து வைத்தார்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்புத்துண்டு. இன்று அதன் விலை பல பத்தாயிரம் டாலர். அதே துண்டை இன்று எந்தப் பட்டறையும் சில டாலர் செலவில் செய்துவிடும். செய்தவர் சிறைக்குப் போவார். இந்த இரும்பில் என்ன கைவேலை இருக்கிறது?

எதிர்த்திசையிலும் பாருங்கள். 1994இல் ஒரு தடைச்சட்டம் வந்தது. பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் புதிய மேகசின்களும் அதில் அடக்கம். உடனே ‘முந்தைய’ மேகசின்கள் பல மடங்கு விலைக்குப் போயின. சட்டத்தின் ஆயுள் பத்தாண்டு. 2004 செப்டம்பர் 13 அன்று அது காலாவதியானது. அந்த மிகைவிலை உதிர்ந்துபோனது. முந்தைய நாள் இருந்த அதே தகடு, அதே சுருள்வில். ‘முதலீடு’ என்று சொல்லி ஹெச்கே 91 வாங்கச் சொல்கிறவர்கள் இந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய முதலீடு ஓர் அரசாணையின்மேல் நிற்கிறது. அரசாணை போனால் அதுவும் போகும்.

நமக்கு உண்மையில் உறுத்துவது பணக்கணக்கு அன்று. ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகும், புதிய தடை வரும் என்ற எதிர்பார்ப்பில் கடைகள் காலியாகின்றன, விலை ஏறுகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர்கள் ஆறு பேரும் கொல்லப்பட்ட அடுத்த வாரங்களில் அதுதான் நடந்தது. (அதையொட்டிக் கனெக்டிகட் கடுமையான சட்டம் இயற்றியதால், நாம் பேசிவரும் பிடிஆர் நிறுவனமே தென் கரோலினாவுக்குக் குடிபெயர்ந்தது.) கையில் சரக்கு வைத்திருப்பவருக்கு இழவு வீட்டிலிருந்து லாபம் வருகிறது. அவர் அதை விரும்பினார் என்று நாம் சொல்லவில்லை, பெரும்பாலானோர் விரும்பமாட்டார்கள். ஆனால் அந்த லாபத்துக்கு ‘ஜெர்மானிய நேர்த்தி’ என்று பெயரிடும்போது, அதன் ஊற்று எங்கே என்பதை அவர் தமக்கே மறைத்துக்கொள்கிறார். ஸ்டாக்டனில் அந்த ஐந்து பிள்ளைகள் சாகாமல் இருந்திருந்தால், ஹெச்கே 91 இன்றும் நல்லதொரு பழைய ரைஃபிளின் விலைக்கே போய்க்கொண்டிருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். பழம்பொருள் என்பது ஓர் ஆவணம், நகல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆவணம் ஆகாது என்பது அது. இதை நாம் முழுமையாக ஏற்கிறோம். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் மவுசர் ரைஃபிள்களை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சேனை கைப்பற்றியவை சோவியத் கிடங்குகளில் மொத்தமாகக் கழற்றப்பட்டு, கலந்து பூட்டப்பட்டு, புதிதாகச் சாயம் தோய்க்கப்பட்டு, போல்ட்டின்மேல் வேறொரு எண் கீறப்பட்டுப் பல்லாண்டுகள் கிடந்தன. 2000களின் தொடக்கத்தில் அவை அமெரிக்காவுக்கு வந்தபோது இருநூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன. 1945இல் ஒரு சிப்பாய் தன் மூட்டையில் வைத்துக் கொண்டுவந்த, எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் பொறித்த, கட்டைப்பிடியில் பழைய கீறல்கள் கலையாத ரைஃபிளோ பல ஆயிரம் டாலர் பெறுகிறது. இது நியாயம். எந்த ஆலை, எந்த மாதம், எந்தத் தரத்தில் செய்தது, போர் முற்ற முற்ற எந்தெந்த வேலைகளைக் கைவிட்டது என்றெல்லாம் இரண்டாமது சொல்லும்; முதலாமது சொல்லாது. பணத்தாசையில் எண்களை அழித்துவிட்டுப் புதிதாகப் பொறித்து ‘ஒரே எண்’ ஆக்கும் மோசடிக்காரர்கள் இருப்பதே, இங்கே உண்மையில் மதிப்புள்ள ஏதோவொன்று இருப்பதற்குச் சான்று.

ஆனால் இந்த வாதம் ‘இறக்குமதி’க்கு உதவுவதில்லை என்பதுதான் வேடிக்கை. வணிகமாக இறக்குமதியாகும் துப்பாக்கியில் இறக்குமதியாளர் தம் பெயரையும் ஊரையும் பொறிக்கவேண்டும் என்பது சட்டம். போர்க்கால மவுசரில் அந்தப் பொறிப்பு இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைக்கிறார்கள். ஹெச்கே 91இல் அதே பொறிப்பைத் தேடிப் பார்த்து மகிழ்கிறார்கள். ஒன்றில் மச்சம், மற்றொன்றில் திலகம்!

ஹெச்கே 91 எதன் ஆவணம்? அது எந்தப் போருக்கும் போகவில்லை. தொழிற்சாலையிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து இரும்புப் பெட்டிக்கும் போனது. ஒருமுறைகூடச் சுடப்படாமல், அட்டைப்பெட்டி கலையாமல் இருப்பதற்கே அதிக விலை. ஒன்றுமே எழுதப்படாததால் மதிப்புப் பெறும் ஆவணத்தை நாம் கேள்விப்பட்டதில்லை. பக்கம் வெட்டப்படாத முதற்பதிப்பை உறையிட்டு வைத்திருக்கும் நம் நண்பர்கள் சிலர் இங்கே நெளியக்கூடும், நெளியட்டும்.

ஆவணம் என்றால் என்னவென்று காட்ட, நமக்கு நெருக்கமான ஒரு ரைஃபிள் இருக்கிறது. தி. ஜ. ர. மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’ வழியாக ஜிம் கார்பெட்டைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு அதைத் தெரியும். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் கார்பெட் வீழ்த்தியதற்காக, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் பரிசளித்த .275 ரிக்பி. இடது கையில் பறவை முட்டைகளை ஏந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்த கணத்தில் எதிரே படுத்திருந்த சௌகர் புலியை ஒற்றைக் கையால் சுட்டது இதைக்கொண்டுதான். கார்பெட் 1955இல் இறந்தபின் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வசம் பல்லாண்டுகள் இருந்தது; 2015இல் ரிக்பி நிறுவனமே அதைத் திரும்ப வாங்கியது. இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் நாம் மறுபேச்சுப் பேசமாட்டோம்.

லண்டன் ரிக்பி என்று பெருமையாகச் சொல்லப்படும் அந்த ரைஃபிளின் பொறியமைப்பு மவுசருடையது. ஆம், அதே ஓபர்ன்டார்ஃப். அக்காலத்தில் மவுசரின் பொறியமைப்புகளைப் பிரிட்டனில் விற்கும் முகவராக ரிக்பி இருந்தது; அவற்றை வாங்கிக் குழலும் கட்டையும் பொருத்தி, செதுக்கி, தன் பெயரைப் பொறித்து விற்றது. ‘.275 ரிக்பி’ என்ற ஆங்கிலத் தோட்டாவும் 7×57 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்தான். ரிக்பி என்ற பெயரே 1997இல் கலிஃபோர்னியாவுக்கு விற்கப்பட்டு, 2013இல்தான் லண்டனுக்கு மீண்டது. ஊரையும் பெயரையும் வைத்து அசலைத் தேடினால், கார்பெட்டின் ரைஃபிள்கூட ஜெர்மானியச் சரக்கின் ஆங்கில ‘நகல்’ என்றுதான் முடியும். அதற்கு விலை வருவது சம்பாவத்தின் பாதையிலிருந்து, சௌகரின் ஓடைமணலிலிருந்து. அதே ஆண்டில் அதே பட்டறையில் செய்து, ஏதோ ஒரு பிரபுவின் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்த இன்னொரு .275க்கு அந்த விலையைக் கேட்டால் கொடுப்பீர்களா?

இந்தியாவிலும் நிலைமை வேறன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி பெரும்பாலும் அடைபட்டுக் கிடப்பதால், உரிமம் வைத்திருப்போரிடையே பழைய வெப்ளியும் வால்தரும் கைமாறும் விலை அவற்றின் பிறந்த ஊரில் யாரும் நம்பாத விலை. உள்நாட்டு அரசுத் தொழிற்சாலைச் சரக்கின் தரம் பற்றிய குறைகள் அதற்கு ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. எஞ்சியது சுங்கச்சாவடியில் அடைத்த கதவு.

‘வாங்குகிறவர் பணம், விற்கிறவர் பொருள், இடையில் நீங்கள் யார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. யாருமில்லை. எவரும் வாங்குவதை நாம் தடுக்கவில்லை. அழகான அந்தப் பொறியை மேசைமேல் வைத்து, போல்ட்டைக் கழற்றி, உருளைகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பதில் ஓர் இன்பம் இருக்கத்தான் செய்யும். அந்த இன்பத்துக்கு 1,000 டாலர் ரைஃபிள் போதும், உருளைகள் இரண்டிலும் ஒரே மாதிரியே அசைகின்றன. இல்லை, எனக்கு 3,000 டாலர் ரைஃபிள்தான் வேண்டும் என்பவர், விற்பவரிடம் ‘தடைக்கு முந்தியது’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கட்டும். விற்பவர் 1989 ஜூலையோடு நிறுத்தினால், அந்த ஆண்டின் ஜனவரியையும் கேட்கட்டும்.